வளர்ந்தோர் தொழிற்பயிற்சியும் மெய்நிகர்க் காட்சியும்

தொழிற்கல்வி குறித்து ஒரு கட்டுரை வேண்டும் என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, மெய்நிகர்க் காட்சி என்னும் புதுக் கருவியைப் பற்றி எழுத ஒப்புக்கொண்டேன். தமிழ் கற்பிப்பவருக்கு இயந்திரத்தோடு என்ன உறவு எனப் பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். கருவியைச் செய்வது பொறியியலாளர் வேலை, அதில் ஐயமில்லை. ஆயின் அதனை அணிந்துகொண்டு அமரப்போகிறவர் யார், அவர் கண் எத்தகையது, கை எத்தகையது, எந்தச் சொல் அவர் செவிக்குப் பழகியது என்பன ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்விகள். ஸ்பிரிங்வெளியிலும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களிலும் இத்தகைய பயிற்சி வந்து சேரும் நாளில், நாற்பது வயதைக் கடந்த ஒரு கொழுந்து பறிக்கும் பெண் அதனுள் நுழைய இயலுமா, அன்றி வழக்கம்போல வாசலிலே நிற்பாரா என்பதே இங்கு ஆராயும் பொருள்.

மெய்நிகர் என்னும் சொல்லாட்சி பொருத்தமானது. நிகர் என்பது ஒப்பு. மெய்யை ஒத்திருக்கும், மெய்யாகாது. கண்ணிரண்டையும் முழுதும் மூடும் ஒரு தலையணிக் கருவியை எண்ணிக்கொள்க. அதனுள்ளே இரு கண்ணுக்கும் எதிரே சிறு திரைகள் உள்ளன. ஒரே காட்சியைச் சிறிது வேறுபட்ட இரு கோணங்களில் அவை காட்டுவதால், தட்டையான படம் ஆழமுடையதாகத் தோன்றுகின்றது. அணிந்தவர் தலையைத் திருப்பினால், கருவி அத்திருப்பத்தை அளந்து காட்சியையும் அதற்கேற்ப மாற்றுகின்றது. மேலே நோக்கினால் வானம். கீழே நோக்கினால் நிலம். தாம் வகுப்பறை நாற்காலியில் அமர்ந்திருப்பதை அறிவு அறியும், உடல் மறந்துவிடும்.

மற்றொரு வகை மிகைமெய்க் காட்சி எனப்படும். இது கண்ணை மூடுவதில்லை. எதிரேயுள்ள மெய்யான பொருளின்மீது ஒரு படத்தையோ அம்புக்குறியையோ சொல்லையோ மேலதிகமாக ஏற்றிக் காட்டுவது. இதற்குப் பெரும்பாலும் கைத்தொலைபேசியே போதும். இயந்திரத்தின் முன் தொலைபேசியைப் பிடித்தால், திரையிலே அவ்வியந்திரமும், அதன் எந்தப் பாகத்தைத் தொடலாகாது என்னும் குறியும் ஒருங்கே தோன்றும்.

இவற்றை இளைஞரின் விளையாட்டுப் பொருள் என ஒதுக்குவோர் பலர். இக்கலையின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929இல் ஒரு பயிற்சி விமானத்தை அமைத்தார். அவர் குடும்பத்தினர் ஓர்கன், பியானோ முதலிய வாத்தியங்கள் செய்யும் தொழிற்சாலையை நடத்தியவர்கள். வாத்தியத்தின் துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டே, தரையை விட்டு எழாமல் சாயவும் திரும்பவும் வல்ல சிறு விமானத்தை அவர் ஆக்கினார். விமானப் படையினர் அதனைப் பொருட்படுத்தவில்லை; கேளிக்கைப் பூங்காக்களே வாங்கின. 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் கொண்டுசெல்லப் பணிக்கப்பட்டு, இரவிலும் மூடுபனியிலும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பழக்கமின்றிப் பலர் மாண்ட பின்னரே, இராணுவம் அவரிடம் ஆறு பயிற்சி விமானங்களை வாங்கிற்று. தலையில் அணியும் காட்சிக் கருவியை ஐவன் சதர்லாந்து 1968இல் செய்துகாட்டினார். கூரையிலிருந்து தொங்கவிட்டுத் தாங்க வேண்டிய அளவு அது பாரமாயிருந்தது. மிகைமெய்க் காட்சிக்குப் பெயர் வந்தது 1990களின் தொடக்கத்தில், போயிங் விமானக் கொம்பனியிலே. விமானத்தினுள் செல்லும் மின்கம்பிக் கற்றைகளைப் பெரும் பலகைகளின்மீது பரப்பிக் கட்டும் தொழிலாளருக்கு, எந்தக் கம்பி எவ்வழியே செல்ல வேண்டும் எனக் கண்ணெதிரே காட்டுவதற்காகத் தொமஸ் கோடல், டேவிட் மிசெல் என்னும் இருவர் அதனை வகுத்தனர். கை வேலை செய்யும் வளர்ந்த மனிதரின் தேவையே இக்கலையை வளர்த்தது எனின் மிகையாகாது.

பயன் உண்டா என்பது அடுத்த கேள்வி. உண்டு என்பதற்கு நல்ல சான்று வைத்தியத் துறையிலிருந்து வந்தது. யேல் பல்கலைக்கழகத்தினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியிலிருந்த 16 சத்திரசிகிச்சை வைத்தியருள் ஒரு பகுதியினர்க்கு மட்டும் வழக்கமான பயிற்சியோடு மெய்நிகர்ப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. பித்தப்பையை ஈரலிலிருந்து பிரிக்கும் வேலையை அவர்கள் நூற்றுக்கு 29 வீதம் விரைவாகச் செய்தனர். அவர்கள் விட்ட பிழைகளோ ஏனையோர் விட்டவற்றில் ஆறில் ஒரு பங்கு. இதற்கு மறுதலையாக, டென்மார்க்கு நாட்டில் 52 பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியான ஆய்வு ஒன்றுண்டு. விஞ்ஞான ஆய்வுகூடப் பாடமொன்றைச் சாதாரணக் கணினித் திரையிற் கண்டபொழுதினும், தலையணிக் கருவியினுள்ளே கண்டபொழுது மாணவர் தாம் அங்கேயே இருப்பதாக மிகுதியும் உணர்ந்தனர். ஆயின் குறைவாகவே கற்றனர். காட்சியின் பெருக்கம் கருத்தை விழுங்கிவிட்டது. ஆகவே, கைக்குப் பழக்க வேண்டிய வேலைக்கு இக்கருவி துணை செய்யும்; நூலாற் கற்பதை இதற்குள் கொண்டுபோய் வைப்பது வீண்செலவு என்பது என் துணிபு.

நமக்கு அண்மையில் இரு முயற்சிகள் கவனிக்கத்தக்கவை. சென்னையில் 2012இல் தோன்றிய ஸ்கில்வெரி நிறுவனம், அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அரவணைப்பில் வளர்ந்தது. வெல்டிங் வேலை பழகுவோர்க்கு அது ஒரு பயிற்சிப் பொறியைச் செய்தது. கையிற் பிடிப்பது மெய்யான கருவியைப் போன்றது. ஆயின் தீப்பொறி இல்லை, புகை இல்லை, ஒட்டுக்கோலும் இரும்புத் தகடும் வீணாவதில்லை. முனை இரும்பிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது, கை எவ்வேகத்தில் நகர்கின்றது, எவ்வளவு சாய்ந்துள்ளது என்பவற்றைப் பொறி அளந்து உடனே காட்டும். பட்டறைகளிலே புதிதாய் வந்தவனுக்கு ஒட்டுக்கோலை வீணாக்க இடங்கொடாமல் மாதக்கணக்கில் எடுபிடி வேலையே தருவார்கள் என்பதை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர்.

இரண்டாவது, அம்ருதா விஸ்வ வித்யாபீடத்தைச் சேர்ந்த அம்மாச்சி லாப்ஸ் என்னும் ஆய்வகத்தின் பணி. அரம், வாள், துளைபொறி முதலியவற்றைப் பிடிக்கும்பொழுது கை உணரும் எதிர்ப்பை அப்படியே திருப்பித் தரும் பயிற்சிக் கருவிகளை அவர்கள் அமைத்தனர். அழுத்தம் மிகுந்தால் கைக்கே தெரியும். ஐக்கிய நாடுகள் ஜனநாயக நிதியத்தின் ஆதரவோடு 2012இல் தொடங்கிய திட்டமொன்றில், கேரளத்திலும் தமிழகத்திலும் உள்ள கிராமப் பெண்கள் கணினிவழிப் பாடங்களின் துணையோடு குழாய் பொருத்தும் தொழில் முதலியவற்றைக் கற்றனர். ஆண்களுக்கே உரியது எனக் கருதப்பட்ட தொழில் அது. பயில்பவர் கணினிக்குப் புதியவர் என்பதை மனத்திற்கொண்டு, எழுத்தைக் காட்டிலும் படத்தையும் குரலையும் நம்பிப் பாடங்களை அமைத்தமையே அங்கு நான் போற்றுவது. இன்னொன்றும் உண்டு. பலர் பார்க்கத் தவறு செய்வதற்கு வளர்ந்தவர் கூசுவர். பொறி நகைப்பதில்லை, நூறு முறை தவறினாலும் சலிப்பதில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கு எதனை இவ்வாறு கற்பிக்கலாம்? கொழுந்து பறிப்பதையா? ஒருபோதும் வேண்டாம். வாசலைத் தாண்டினால் தேயிலைச் செடி நிற்க, பொம்மைச் செடி எதற்கு? இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவதை ஒரு தாய் தன் மகளுக்கு நிறையில் நின்று ஒரு கிழமையிற் காட்டிவிடுவாள். புதுமை வேண்டும் என்பதற்காக இதனைத் திரைக்குள் கொண்டுவர முயல்வோர் இருப்பர். அவர்களுக்குப் பணத்தைச் செலவிட வேறு வழி தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

மெய்யாகப் பழக முடியாதவை எவையோ அவற்றுக்கே மெய்நிகர் வேண்டும். ஸ்டோரிலே ரோலர் சுழன்றுகொண்டிருக்க, சிக்கிய கொழுந்தைக் கையால் எடுக்க முயலும் அந்தக் கணத்தை எடுத்துக்கொள்வோம். அதனைச் செய்து பார்த்துக் கற்க முடியாது. ஒருமுறை செய்தால் கை போய்விடும். மெய்நிகர் ஸ்டோரிலே, நிறுத்தும் பொத்தானை அழுத்தி, சக்கரம் முற்றாக ஓயும்வரை காத்து, மற்றொருவர் மீண்டும் இயக்காதபடி பூட்டிட்டு, அதன்பின் கை நீட்டும் ஒழுங்கைப் பத்துமுறை பழகலாம். காத்திருப்பதுதான் கடினமான பாடம். உடல் அதனைப் பழகியே கற்கும். மருந்து அடிப்போருக்கோ மிகைமெய்க் காட்சி ஏற்றது. கண்ணுக்குத் தெரியாமற் காற்றில் மிதந்து வரும் நுண்துளிகளை நிறமிட்டுக் காட்டினால், காற்றுக்கு எதிர்முகமாக நின்று ஏன் அடிக்கலாகாது என்பது விளங்கிவிடும். விரிவுரை வேண்டுவதில்லை.

எல்லாவற்றிலும் முதன்மையாக நான் கருதுவது மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, நம் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை மறக்க இயலாது. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபொழுதும் இம்மாவட்டத்தின் மலைகள் பல இடங்களிற் சரிந்தன. இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆபத்தான சரிவில் வாழ்வோர்க்கு வேண்டியது பாதுகாப்பான காணியும் வீடும். போக இடமில்லாதவரிடம் ‘ஓடுங்கள்’ என்று கற்பிப்பது கல்வியாகாது. இப்பயிற்சியைக் காட்டிக் காணியைத் தள்ளிப்போடுவார்களாயின், பயிற்சி இல்லாதிருப்பதே மேல்.

அந்த எல்லைக்குட்பட்டு, பயிற்சி செய்யக்கூடியது பெரிது. மேற்படி நிறுவனம் வகுத்துள்ள அளவுகள் எளியவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழித்திருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் ஆயின் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றர் ஆயினும், ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் ஆயினும், வெளியேற வேண்டும். இவ்வெண்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் ஈரத்தில் உரிந்து விழும். மெய்நிகர்க் காட்சியிலோ, கற்பவர் இரவு மழையில் ஒரு லயத்து வாசலில் நிற்கிறார். மழைமானியைப் பார்க்கிறார். நிலத்திலே நேற்று இல்லாத வெடிப்பு. கதவு சட்டத்தில் இறுகி மூட மறுக்கின்றது. மரமும் மின்கம்பமும் சாய்ந்துள்ளன. பீலியில் வந்த தெளிந்த நீர் கலங்கி வருகின்றது, அல்லது திடீரென நின்றுவிட்டது. எதனை முதலிற் கண்டார், யாரை எழுப்பினார், எவ்வழியே நடந்தார் என்பதே பாடம். மலை வந்து மூடும் காட்சியைக் காட்டவே கூடாது. உறவினரைப் பறிகொடுத்தோர் அவ்வகுப்பில் இருப்பர். பாடம் தொடங்குமுன் என்ன வரப்போகிறது எனச் சொல்லுதலும், நினைத்த கணத்தில் கருவியைக் கழற்றலாம் என உறுதி கூறுதலும் இன்றியமையாதன.

பாடத்தைத் தேர்ந்தாயிற்று, கற்பவரின் உடலைப் பார்ப்போம். இங்கேதான் நல்ல முயற்சிகள் பல தோற்கின்றன. கருவியைச் செய்தோர் தம்மைப் போன்ற இளைஞரையே மனத்திற்கொண்டு செய்தனர் போலும்.

தனித்தியங்கும் தலையணிக் கருவிகள் ஏறக்குறைய 500 கிராம் நிறையுள்ளவை. பாரம் முழுவதும் முகத்தின் முன்புறத்தில் நிற்கும். நம் பெண்களோ ஆண்டுக்கணக்காகக் கூடைக் கயிற்றைத் தலையில் இட்டுக் கழுத்தாற் சுமந்தவர்கள். அக்கழுத்துக்கு அரைக் கிலோவும் மேலதிகமே. பாரத்தைப் பின்புறமும் பகிரும் பட்டி வேண்டும். அது கொண்டையின்மேல் இறுகாதிருக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து, பத்து நிமிடத்துக்கு மேற் போகலாகாது. கர்ப்பிணிகளும் வலிப்பு நோயுடையோரும் வைத்தியரைக் கேளாமல் அணியலாகாது. விட்டுவிட்டு ஒளிரும் வெளிச்சம் செக்கனுக்கு மூன்று முறைக்கு மேல் வருதல் எவர்க்கும் ஆகாது.

அடுத்தது தலைசுற்றல். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பஸ்ஸிலே புத்தகம் படிக்க முயன்றோர் இதனை அறிவர். வளைவுகளில் உடல் ஆடுவதை உட்செவி உணர்கின்றது. கண்ணோ அசையாத பக்கத்தைப் பார்க்கின்றது. இரண்டு சாட்சிகளும் முரண்பட, வயிறு தண்டனை அநுபவிக்கின்றது. மெய்நிகர்க் காட்சியில் இது தலைகீழாக நிகழும்: கண் நகர்வதாகக் காண்கின்றது, உடல் நாற்காலியில் இருக்கின்றது. ஆதலின் கற்பவரைக் காட்சியினுள் ஓடவோ பறக்கவோ விடலாகாது. அவர் இருந்த இடத்திலேயே இருக்க, பொருள்கள் அவரிடம் வர வேண்டும். இடம் மாற வேண்டுமாயின் காட்சி ஒரு கணம் இருண்டு, புதிய இடத்தில் விடிய வேண்டும். படங்கள் செக்கனுக்கு 72 அல்லது 90 முறை மாறும் வேகம் குறையாதிருத்தலும் அவசியம். மலிவுக் கருவிகள் இதிலேதான் சறுக்குகின்றன.

பெண்களுக்கே தலைசுற்றல் மிகுதி என ஒரு கருத்து நெடுநாள் நிலவிற்று. கே ஸ்ரானி என்பவரும் உடனாய்ந்தோரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதனை மாற்றியது. கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரம் வளர்ந்தோரிடையே ஏறத்தாழ 54 முதல் 74 மில்லிமீற்றர் வரை வேறுபடும். பெண்களுக்குச் சராசரியிற் சற்றுக் குறைவு. வில்லைகளை அத்தூரத்துக்கு நெருக்க முடியாத கருவி பெண்களை வருத்திற்று; பொருந்த வைத்தபொழுது ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேற்றுமை காணப்படவில்லை. குறை உடலில் அன்று, கருவியில் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? பயிற்சி நிலையத்தார் கருவி வாங்குமுன் விலையைக் கேட்பதுபோல இவ்வளவையும் கேட்க வேண்டும்.

கண்ணைப் பற்றி இன்னும் சொல்லலாம். நாற்பதைக் கடந்தபின் கிட்டத்திலுள்ள எழுத்து மங்குதல் இயல்பு. கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்தும் படிக்க இயலாத ஒருவர், தலையணிக் கருவியினுள்ளே பெரும்பாலும் நன்றாகவே காண்பார். அதன் வில்லைகள் படத்தை ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மீற்றர் தொலைவில் உள்ளதுபோல் அமைப்பதே காரணம். மலிவானது என நாம் தேர்ந்தெடுக்கும் தொலைபேசி முதியவரை வெளியே தள்ளக்கூடும் என்பது நினைவில் வேண்டும். மாலை வகுப்பில் வளர்ந்தோர்க்கு எழுத்துக் கற்பித்த ஆசிரியர் எல்லாரும் ஒரு வாக்கியத்தை அறிவர்: “கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் சேர்.” பல வேளைகளில் அக்கண்ணாடி என்றுமே இருந்ததில்லை. பயிற்சிக்கு முன் கண்பரிசோதனை ஒன்று நடத்தினால் பாதி வெற்றி அங்கேயே கிட்டும்.

கொழுந்துக் கறை படிந்து காய்த்துப்போன விரலைத் தொடுதிரை பல வேளை உணர்வதில்லை; அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, தமக்கு இது வராது என அவர் கையை இழுத்துக்கொள்வார். பெரிய பொத்தான்கள் வேண்டும். அல்லது ஒரு பொருளைச் சிறிது நேரம் நோக்கினாலே தெரிவாகும்படி அமைக்க வேண்டும். ஒரு கை மட்டும் உடையவருக்கும் எல்லாச் செயலும் கைகூட வேண்டும். நிற்க இயலாதார் அமர்ந்தே கற்கலாம். ஆயின் அமர்ந்தவர்க்கு மேசைகளும் இயந்திரங்களும் உயர்ந்து தோன்றாவண்ணம் காட்சியின் உயரத்தை மாற்ற வழி இருத்தல் வேண்டும். ரோலர் அறையின் இரைச்சலிற் பல்லாண்டு நின்று செவி மந்தமானோர்க்கு, குரலோடு எழுத்தும் அதிர்வும் வேண்டும். வலைத்தளங்களுக்கு விதி வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட குறிப்புகளும் இத்தகைய மாற்று வழிகளையே வற்புறுத்துகின்றன. சிவப்பு, பச்சை என நிறத்தால் மட்டும் ஆபத்தைக் காட்டுதலும் தவறு. நிறக்குருடு உள்ளவர்க்கு இரண்டும் ஒன்றே.

எழுத்து என்றேன். இது தமிழாசிரியரின் கவலை. நம் எழுத்துகள் வளைவும் சுழியும் உடையன. திரையின் நுட்பம் குறைந்தால் முதலில் மறைவது புள்ளி. புள்ளி மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ‘தொட்டால்’ என்பதைத் ‘தொடடால’ என ஓர் எச்சரிக்கைப் பலகையிற் கண்டால், தட்டித்தடவிப் படிப்பவர் என்ன செய்வார்? ஆங்கில எழுத்துக்குப் போதும் என வைத்த அளவு தமிழுக்குப் போதாது. எழுத்தைப் பெரிதாக்கிச் சொல்லைக் குறைத்தலே வழி.

எனினும் எழுத்தைவிடக் குரலே பெரிது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். அதற்கு முற்பட்ட தலைமுறையிலும், அதற்குப் பின்னும் வறுமையால் இடைவிட்டோரிலும், படிப்பைவிடக் கேட்டறிதலே வழக்கமாயிற்று. அந்தக் குரல் எந்தத் தமிழிற் பேச வேண்டும்? இலக்கியத் தமிழைப் போற்றும் நான் இதனைக் கூறுவது சிலர்க்கு வியப்பாகலாம்: தோட்டத்துத் தமிழில்தான் பேச வேண்டும். ‘தொழிற்சாலையின் உருட்டுப்பொறி’ என்றால் எங்கள் பெண்கள் யாருடைய தொழிற்சாலை என்பர். ‘ஸ்டோர் ரோலர்’ என்றால் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பர். கவ்வாத்து என்பதைக் ‘கிளை தறித்தல்’ என்றும், பெரட்டுக்களத்தை ‘ஒன்றுகூடும் மைதானம்’ என்றும், மட்டக்கம்பைச் ‘சமன்கோல்’ என்றும் மாற்றினால் பாடம் வேற்றூர்ப் பாடமாகிவிடும். சென்னையிற் செய்த பாடத்தையோ கொழும்பில் மொழிபெயர்த்ததையோ அப்படியே இறக்குமதி செய்தால் நேர்வது இதுவே. ஆபத்து வேளையிற் காதில் விழும் சொல், சிந்தித்துப் பொருள் காண வேண்டிய சொல்லாயிருத்தல் கூடாது. இதே காரணத்தால், கற்பவர் வாயாற் கட்டளையிடும் முறையை மட்டும் நம்பியிருத்தலும் தகாது. நகரத் தமிழைக் கேட்டுப் பழகிய பொறி நம்மவர் பேச்சை அறிந்துகொள்ளும் என்பதற்கு உறுதியில்லை.

வளர்ந்தோர் கல்வி பற்றி எழுதிய அமெரிக்க அறிஞர் மல்கம் நோல்ஸ், வளர்ந்தவர் தம் அநுபவத்தோடு வகுப்புக்கு வருகிறார் என்றும், இன்று கற்றது நாளை பயன்பட வேண்டும் என எதிர்பார்க்கிறார் என்றும் கூறினார். இருபது ஆண்டு மலையில் நடந்தவருக்கு மண்ணின் குணத்தை நாம் கற்பிக்கப் போகிறோமா? அவரிடம் கேட்டே அப்பாடத்தை எழுத வேண்டும். மேலும் அவர் தனியே கற்றுப் பழகியவர் அல்லர். நிறையிலே பக்கத்து நிறைப் பெண்ணோடு பேசிக் கற்றவர். கண்ணை மூடும் கருவியோ மனிதரைத் தனிமைப்படுத்துவது. ஆண் பயிற்றுநர் சூழ நிற்க, கண்கட்டி அமர ஒரு பெண் தயங்குவதும் இயல்பே. அணிந்தவர் காண்பதைத் தொலைக்காட்சித் திரையிலும் காட்டி, தோழியர் சுற்றி அமர்ந்து, ‘அக்கா, இடப்பக்கம் பாருங்க’ எனக் குரல் கொடுக்க விட்டால் இரண்டு குறையும் நீங்கும். ஒருவர் அணிய இருபது பேர் கற்பர். கருவி ஒன்று என்பதும் தடையாகாது.

ஒரு செய்தியைப் பலர் எண்ணுவதில்லை. இக்கருவி கையின் ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்கின்றது. எவர் மெதுவாகச் செய்தார், எவர் எத்தனை முறை தவறினார் என்பது அதனுள் இருக்கும். கணக்கப்பிள்ளையின் ஏட்டிலும் தராசிலும் தம் நாளை அளந்து பார்த்த மக்கள் இவர்கள். பயிற்சியில் விட்ட பிழை நிர்வாகத்தின் கைக்குப் போய், வேலையையோ கூலியையோ தீர்மானிக்கும் எனின், எவரும் மனந்திறந்து தவற மாட்டார். தவறாமற் கற்பதும் இயலாது. பதிவு கற்பவருக்கும் பயிற்றுநருக்கும் மட்டும் உரியது என எழுத்திலே முன்கூட்டி உடன்பாடு செய்துகொள்ள வேண்டும்.

பெருஞ்செலவின்றித் தொடங்கலாம். அட்டைப் பெட்டியும் இரு வில்லையும் கொண்டு தொலைபேசியையே காட்சிக் கருவியாக்கும் முறையைக் கூகிள் நிறுவனம் 2014இல் அறிமுகம் செய்தது; 2021இல் தன் விற்பனையை நிறுத்திவிட்டாலும், அமைப்பு எவரும் செய்யத்தக்கதாய் இருக்கின்றது. ஆயின் அதிற் கையின் அசைவு பதிவாகாது; சுற்றிப் பார்க்கும் பாடத்துக்கே அது உதவும். மண்சரிவுப் பாடத்தின் முதற்பகுதிக்கு அது போதும். ரோலர்ப் பாடத்துக்கு நல்ல கருவி ஒன்று வேண்டும். மலைமடிப்புகளில் அலைவரிசை எட்டாத இடங்கள் பல ஆதலால், பாடம் முழுவதும் கருவியினுள்ளேயே இருத்தல் வேண்டும். வேலையும் வீட்டுச் சமையலும் முடிந்த இரவு வேளை படிப்புக்கு ஆகாது. ஞாயிறு பிற்பகலே தக்கது. சிங்களம் பேசும் தொழிலாளரும் உடன் இருப்பதால் குரல் இரு மொழியிலும் வேண்டும்.

கொழும்பிலும் கடல் கடந்தும் கணினித் துறையிற் பணிபுரியும் நம் பழைய மாணவர், காட்சியை ஆக்கும் வேலையை ஏற்கலாம். சொற்களைத் திரட்டும் வேலையை இப்போது கல்லூரியிற் பயிலும் மாணவர் செய்யலாம். அவர்கள் வீட்டிலேயே அகராதி இருக்கின்றது. ஸ்டோரில் நாற்பது ஆண்டு வேலை செய்து ஓய்ந்த பாட்டனாரிடமும், நிறை பிடித்து ஓய்ந்த பாட்டியாரிடமும் அமர்ந்து, ஒவ்வொரு கருவிக்கும் அதன் ஒவ்வொரு பாகத்துக்கும், வெடித்த நிலத்துக்கும் கலங்கிய நீருக்கும், ‘நில்’, ‘விடு’, ‘விலகு’ என்பனவற்றுக்கும் அவர்கள் வழங்கும் சொல்லை எழுதிக்கொண்டு, இயலுமாயின் அவர்கள் குரலிலேயே பதிவும் செய்துகொண்டு வருக. ஸ்டோர்ச் சொற்களிலிருந்து தொடங்குவது எளிது. ரோலருக்கு மட்டும் ஓர் அப்பியாசக் கொப்பி நிறையும்.